ஒரு விரல் குறைவு

ஹம்சவேணி கைபேசியை நீட்டினாள்.
படத்தில் ஒரு வெள்ளைத் தொட்டி,
நாலு காலும் சிங்கத்தின் பாதம்.
"கழுத்து வரைக்கும் தண்ணி நிக்கணும் சார்.
ஜன்னலோரமா."

நாகபூஷணம் கேட்டது வேறு.
கண்ணாடித் தடுப்பு, மழை மாதிரி ஷவர்,
கறுப்புக் கல்லில் தரை.
"பர்கூர் கல்லு பெங்களூர்ல கிடக்குது,
பர்கூர்ல நம்ம வீட்டுல இல்லைன்னா எப்படி?"

நான் கேட்டது டார்ச்சும் சுத்தியலும்.

கீழே அவர்களுடைய ஜவுளிக் கடை.
சேலைக் கட்டுகளுக்கு நடுவே ஏணி போட்டு
கூரையைத் தட்டினேன்.
தெருவில் நின்று அண்ணாந்தும் பார்த்தேன்.
பழைய குளியலறையோடு பால்கனியைச் சேர்த்து
யாரோ சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.
ஜன்னலோரம் மூன்றடி
தெருவின் மேல் நீட்டிய கை.
நீட்டிய கையில் எவ்வளவு நேரம்
நிறைகுடம் வைத்திருக்க முடியும்?

நானூறு லிட்டர் என்றால் நானூறு கிலோ.
தொட்டி வேறு. ஆள் வேறு.
"நான் அறுபத்திரண்டு" என்றாள் உடனே.
கொஞ்சம் கழித்து, "அறுபத்தெட்டு."

முடியாது என்பதற்கு
என்னிடம் மூன்று சொல் உண்டு:
பார்க்கலாம், கஷ்டம், பில்லர்.
மூலையில் ஒன்பது அங்குலம் துருத்தி
நின்றது மூன்றாவது.
"லேசா செதுக்கிட்டா?" என்றார் நாகபூஷணம்.
கொத்தனார் மாதப்பன் சிரித்தான்.
"நமக்குக் கம்பி தெரியும்ணே.
அப்புறம் கம்பிக்கு நம்மளத் தெரியும்."

கம்மோடும் நகரவில்லை.
நாலு அங்குலக் குழாய்க்குச் சரிவு வேண்டும்;
எந்த முதலாளிக்காகவும்
அது மேடேறிப் போகாது.

கழுத்து எதற்கு என்று கேட்டேன்.
பழைய குழாயில் படிந்த உப்பை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
"ஏழு பேர் வீட்ல எட்டுக் குடம் சார்.
எட்டாவது எனக்கு வராது."
குழாயிடம்தான் சொன்னாள்.

மாதப்பன் தரையை உடைத்தான்.
ஓரடி ஆழத்துக்குச் செங்கல் ஜல்லி, ஈரம்,
ஒரு காப்பிக் கோப்பையின் காது.
நூற்று முப்பது சட்டி அள்ளிக் கொட்டினோம்.
இருபது வருஷமாக அந்தத் தளம்
எதற்கென்று தெரியாமல் இதைச் சுமந்திருக்கிறது.
அன்று சாயங்காலம் டீக்கடையில்
பில்லின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
எடுத்த கனத்துக்குத் தண்ணீர் கொடுக்கலாம்.

சிங்கப் பாதம் போனது.
சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பள்ளத்திலேயே
சிமென்ட் தொட்டி; கரை முக்காலடி.
பூச்சு, சரிவு, ஓடு எல்லாம் கழித்தால்
உட்கார்ந்தவளுக்கு நெஞ்சு வரை.
கழுத்துக்கு இன்னும் ஒரு சாண் வேண்டும்,
அந்தச் சாண் கடைக்கூரைக்குச் சொந்தம்.
எதிர்ச் சுவரில் ஜன்னலை இறக்கினேன்.
குவாரிக்காரர்கள் பாதி தின்ற குன்று
உட்கார்ந்தால் தெரியும்.
கறுப்புக் கல் கரைக்கு மட்டும், அதுவும் சொரசொரப்பாக.
"பளபளப்பே இல்லையே" என்று
நாகபூஷணம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

ஓடு ஒட்டுமுன் தண்ணீர்ச் சோதனை.
மூன்று கோட் பூச்சு காய்ந்ததும்
அப்சல் வடிகுழாயை அடைத்தான்,
நிரப்பினோம். மட்டத்தில் ஒரு பென்சில் கோடு.
நாற்பத்தெட்டு மணி நேரம்.
கீழே கட்டுகளுக்குத் தார்ப்பாய் போர்த்தி
ஸ்டூலில் உட்கார்ந்து
கூரையைப் பார்க்க ஆரம்பித்தார் நாகபூஷணம்.

மறுநாள் விடிகாலை போன்.
"கோட்டுக்கு ஒரு விரல் கீழ நிக்குது சார்.
ஒழுகுது."

போனேன். கூரை காய்ந்திருந்தது.
இணைப்புகளில் காகிதம் வைத்து எடுத்தேன், காய்ந்திருந்தது.
சிமென்ட் தூசி படிந்த தரையில் மட்டும்
ஈரப் பாதங்கள், சின்னவை,
தொட்டியிலிருந்து படுக்கையறைக் கதவு வரை.

காப்பி கொண்டுவந்தாள்.
தலையில் துண்டு சுற்றியிருந்தது.
"வெயிலுக்கு ஆவியாகியிருக்கும் சார்."
மார்கழி. வெளியே பனியில்
எதிர்க் கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை.

ஆமாம் என்றேன்.
ஏட்டில் எழுதினேன்: ஒரு விரல் குறைவு. கசிவு இல்லை.
பழைய கோட்டை அழித்துவிட்டு
தண்ணீர் நின்ற இடத்தில் புதிதாக ஒன்று போட்டேன்.

கீழே இறங்கினால்
நாகபூஷணம் இன்னும் அண்ணாந்தபடி இருந்தார்.