சோம்பேறிக் கொழுக்கட்டை

இரவு எட்டேகால்.
டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு வந்து
ஒற்றைக் காலுறையைத்தான் கழற்றியிருந்தேன்.
"நாளைக்கு மாறுவேட நாள், அம்மா.
நான் அன்னம்னு
டீச்சர்கிட்ட சொல்லியாச்சு."
எப்போது சொன்னாய்?
"போன மாசம்."

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
ஆற்றை நிலத்துக்கடியில் ஒளித்துவிட்டு
படகென்று பெயர் வைத்துக்கொண்ட ஊர் இது.
இங்கே அன்னத்துக்கு எங்கே போவேன்?
கடையில் இருக்கிறதாம்,
இறகு, அலகு, கிரீடம் எல்லாம் சேர்த்து
எண்பத்தொன்பது ஸ்வோட்டி.
மாதக் கடைசி.
பர்ஸில் முப்பத்தொன்று,
அதிலும் பத்து கிழிந்தது.

வித்தோல்ட் கிடங்குக்கு இரவு வேலைக்குப் போயாச்சு.
மேசையில் அவர் எழுதிவைத்த சீட்டு:
'பாலாடைக்கட்டிக்கு இன்றுதான் கடைசித் தேதி.
மிவோஷ் இருமுகிறான். முத்தங்கள்.'
இந்த வரிசையில்தான்.

ஆகவே முதலில் பாலாடைக்கட்டி.
முட்கரண்டியால் மசித்து
ஒரு முட்டை, கையில் அள்ளியது மாவு,
ஞாபகம் இருந்தால் உப்பு.
பாம்பாய் உருட்டி, லேசாய்த் தட்டி
சாய்வாக வெட்டிக் கொதிநீரில் போட்டால்
மூழ்கும், பிறகு தானே மிதக்கும்.
மிதந்ததை எடுத்துவிட வேண்டியதுதான்.
பூரணம் கிடையாது, மடிப்பு கிடையாது,
ஓரம் ஒட்டும் பாடு கிடையாது.
அதனால் ஊரே இதற்கு வைத்த பெயர்
'சோம்பேறிகள்'.

விடியுமுன் நாலரைக்கு எழுந்து
பனிக்குள் தண்டவாளம் தேடிப் போனவள்
நின்றுகொண்டே கிளறுகிறேன்
சோம்பேறிகளை.

வெண்ணெயில் ரொட்டித்தூள் சிவக்கும் நேரத்தில்
அலமாரிக்கு மேலே கைவிட்டுத் துழாவினேன்.
முட்டை அட்டைகள், பதினேழு.
எதற்கோ ஆகும் என்று சேர்த்தவை.
எல்லாம் சாம்பல் நிறம்.
வெள்ளை பெயின்ட் டப்பாவைக் கரண்டிக்காம்பால் நெம்பித் திறந்தால்
உள்ளே ஒரு கல்.
பற்பசை பூசிப் பார்த்தோம்.
புதினா மணக்கும் சாம்பல் கிடைத்தது.

யகோடா அழவில்லை.
அழுவதற்கு முன்னால் ஓர் உதடு வருமே,
அதை வைத்துக்கொண்டே கொழுக்கட்டை தின்றாள்.
மிவோஷ்தான் சொன்னான்,
இரண்டு இருமலுக்கு நடுவே
மூக்கில் சர்க்கரையோடு:
"இது புறா."

யாரும் பேசவில்லை.
வெண்ணெய் கருகியது.
நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

குழிகுழியாய் நறுக்கி
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய இறகு.
கோதுமைப் பசை. கிழிந்த தலையணை உறையின் நாடா.
கழுத்துக்கு மட்டும்
மிட்டாய் சுற்றிவந்த பச்சைத் தாளும் ஊதாத் தாளும்.
நிறுத்தத்தில் வெயில் விழும்போது
புறாவின் கழுத்து அப்படித்தான் மின்னும்.
அது எனக்குத் தெரியும்.
நாளைக்கு இருநூறு புறாக்களுக்காவது
மணி அடிக்கிறவள் நான்.
பதினொன்றரைக்கு ஒட்டி முடித்தபோது
அவள் நாற்காலியிலேயே தூங்கியிருந்தாள்,
ஒரு காலில் மட்டும் செருப்போடு.

காலையில் இறக்கைமேல் கோட்டு ஏறவில்லையாம்.
போர்வையில் சுற்றித் தூக்கிப்போனாராம் வித்தோல்ட்,
கிடங்கிலிருந்து வந்த கையோடு.
படம் அனுப்பியிருந்தார்.
கடைசி நிறுத்தத்தில் திறந்து பார்த்தேன்.
நான்கு அன்னங்கள், ஒரே கிரீடம், ஒரே விலை.
ஓரத்தில் புறா,
தரையில் சிந்திய பாப்கார்னைக்
கை படாமல் வாயால் கொத்திக்கொண்டு.
டீச்சர் தலையில் கைவைத்திருக்கிறார்.
ஓர் அன்னம் மட்டும் குனிந்து
எப்படிக் கொத்துவது என்று பார்க்கிறது.

திரும்பி வரும் வழியில்
தண்டவாளத்தின்மேல் ஒரு சாம்பல் புறா.
மணி அடிக்கலாம்.
ஏற்கெனவே இரண்டு நிமிடம் தாமதம்.
அது கழுத்தைத் திருப்பி வெயிலில் காட்டி
மெதுவாய் நடந்து போகும்வரை
நிறுத்தி வைத்திருந்தேன்.
பின் இருக்கையில் யாரோ முணுமுணுத்தார்,
"சோம்பேறி."

நல்லவேளை ஞாபகப்படுத்தினார்.
பதினோரு கொழுக்கட்டை மீதம் இருக்கிறது.
வாணலியில் புரட்டினால்
இன்றிரவுக்கு ஆகும்.