நாலாயிரம் லீற்றர்

ஆவணி பதினொன்று, பகல் ஒன்றரை.
நிலையத்துக் கரும்பலகையில் நான்தான் எழுதினேன்:
சோளகம், கடும் வீச்சு.
ஈரப்பதன் நாற்பத்தெட்டு.
கடைசி மழை என்ற கட்டத்தை
நிரப்பாமல் விட்டேன்.
சித்திரையில் ஒருநாள்
கூரைத் தகரத்தை எண்ணி எண்ணித் தட்டிவிட்டுப் போனதை
மழையென்று எழுதக் கை வரவில்லை.

அழைப்பு வந்தபோது அருள்நேசன்
சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான்.
கழுவாத கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தான்.
கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன்.
வெங்காயம் ஏற்றிய லான்ட்மாஸ்டர் ஒன்று
சைரனுக்கும் நடுவீதியை விடவில்லை.
எங்களிடம் இருந்தது நாலாயிரம் லீற்றர்.
வசாவிளானுக்கு வடக்கே
புகை அரைவானத்தைப் பிடித்திருந்தது.

புல்லில் அது கோழிக்குஞ்சு மாதிரித்தான்,
கொத்திக் கொத்தி நடக்கும்.
தொங்கும் காவோலை ஒன்று கைக்கு எட்டினால் போதும்,
தளைநார் இல்லாமல் வட்டுக்கு ஏறிவிடும்.
அங்கிருந்து சோளகம் அதை
அடுத்த பனைக்கு எறியும்,
அதற்கடுத்த பனைக்கு எறியும்.
காவோலை விழக் குருத்தோலை சிரிக்குமாம்.
அன்றைக்குச் சிரிக்க
இரண்டுக்கும் நேரம் இருக்கவில்லை.

நனைத்த சாக்கும் பச்சை மட்டையுமாகப்
பொடியள் இருபது பேர் வந்தார்கள்.
பிரதேச சபையின் குடிதண்ணீர் பவுசரும் வந்தது,
பாதி வெறுமையோடு.
தயாபரன் குழாயைத் தோளில் போட்டு ஓடினான்.
ஓடினவன் நின்றான்.

பற்றைக்குள் சாய்ந்தபடி ஒரு சிவப்புப் பலகை.
மண்டையோடு.
அதன் கீழே மூன்று மொழியில் ஒரே சொல்.

எங்கள் தண்ணீர் அதைத் தாண்டிப் போகலாம்,
நாங்கள் போக முடியாது.
தண்ணீரும் நூறடி போய்க் களைத்து விழுந்தது.
நெருப்புக்கு எந்த மொழியும் வாசிக்கத் தெரியாது,
அது உள்ளே போனது.

முதலாவது வெடித்தபோது
எல்லோரும் நிலத்தில் படுத்தோம்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு இரண்டு, சேர்ந்தாற்போல.
செம்மண் எழும்பி,
ஓர் ஆள் உயரத்துக்கு நின்று,
மெல்ல இருந்தது.
வேலைக்கு வந்து ஆறு மாதமான நிரோஜன்
ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடித்தான்.
ஏழாவது விரலோடு சத்தம் ஓய்ந்தது.
"அண்ணை, ஏழு கால் மிச்சம்" என்றான்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
ஒருவரும் அவனை ஏசவுமில்லை.

அப்போதுதான் அந்தத் தொலைபேசி.
மல்லாகத்து முகாமிலிருந்து பூமலர் என்று ஒருவர்.
என் இலக்கம் அவருக்கு எப்படிக் கிடைத்ததோ.
"அரசமரத்துக்கு மேற்கால எங்கட எட்டுப் பரப்பு.
தம்பி, ஒருக்கா
வாகனத்துக்கு மேல ஏறிப் பாருங்கோ,
கிணறு தெரியுதோ?"

ஏறினேன். தாங்கியின் தகரம் காலைச் சுட்டது.
புகை ஒருபக்கம் சாய்ந்தபோது
கருகிய நிலத்தில்
பாதி இடிந்த கிணற்றுக்கட்டு,
பக்கத்தில் துலாக்கால் ஒன்று,
சிவப்புச் சீமெந்து நிலம் இரண்டு பாய் அகலத்துக்கு.
நேற்றுவரை அந்த இடத்தில்
நாயுண்ணிப் பற்றை மட்டுமே இருந்தது.

"தெரியுது அம்மா."

அழுவார் என்று நினைத்தேன்.
"அது வத்தாத கிணறு" என்றார்.
"எங்களைக் கேக்க வேண்டாம்,
பம்மை இறக்கி அள்ளி
அணையுங்கோ."

பலகையிலிருந்து கிணற்றுக்கு
அறுபது கவடு இருக்கும்.
எங்கள் தாங்கியின் முள்
பூச்சியத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.
சரி அம்மா என்றேன்.
வேறென்ன சொல்ல.

ஆறு மணிக்குச் சோளகம் தானாக விழுந்தது.
எரிய ஒன்றுமில்லாமல்
நெருப்பு பனங்கொட்டைகளுக்குள் பதுங்கியது.
பொடியள் சாக்கை உதறி மடித்தார்கள்.
அருள்நேசனின் சட்டைக் கையில்
காய்ந்த மோர்.

இரவு அறிக்கை எழுதினேன்.
அணைத்தவர் என்ற இடத்தில்
எங்கள் ஐந்து பேரின் பெயர்.
அது பொய், ஆனால் சம்பளம் அதற்குத்தான்.
நீர் பெற்ற இடம் என்ற கட்டத்தில்:
நிலையத் தாங்கி, நாலாயிரம் லீற்றர்.
பிரதேச சபை, ஆயிரத்து இருநூறு.
பூமலர் கிணறு,
அனுமதி கிடைத்தது,
எட்டவில்லை.