இன்றைய கனம்

தரமணி. நான்கு மாடிக்கு மேல் மொட்டை மாடி.
சூரியன் சென்னையில் உச்சிக்கு வர
கடிகாரத்தைவிட ஒன்பது நிமிடம் பிந்தும்.
அந்த ஒன்பது நிமிடமும்
குடை கருவிக்கு, வெயில் எனக்கு.

கருவிக்குத் தெரிந்தது ஒரே கணக்கு.
இரண்டு புறஊதாக் கதிர்கள் கிளம்பின.
ஒன்றை மேலே வழிமறித்தார்கள், கொஞ்சம்தான் தேறியது.
மற்றது ஏறக்குறைய முழுசாய் வந்து சேர்ந்தது.
பந்தி முடிந்தபின்
மிஞ்சிய இலைக்கட்டை எண்ணி
சாப்பிட்டவர் தொகையைச் சொல்வதுபோல
வந்ததை வைத்து வராததை எழுதுகிறேன்:

இருநூற்று அறுபத்து மூன்று.
நேற்று அறுபத்தைந்து.
முந்தாநாள் அறுபத்தொன்று.

"ஏறிச்சா, இறங்கிச்சா?"
கேன்டீனில் டோக்கன் கிழிக்கும் ஜெரோம்
தங்கம் விலை கேட்கும் குரலில் கேட்பார்.
இறங்கிச்சு என்றால் உச்சுக்கொட்டுவார்.
ஒரு நாள் இறக்கத்துக்கு அர்த்தம் கிடையாது,
பத்து வருஷத்தை அடுக்கி வைத்தால்தான்
என்று நான் ஆரம்பிப்பதற்குள்
வரிசை என்னைத் தள்ளிவிடும்.

தலைக்கு மேலுள்ள அத்தனை ஓசோனையும்
வழித்துக் கொண்டுவந்து தரையில் பரப்பினால்
அடுக்கிய இரண்டு ஒரு ரூபாய்க் காசின் உயரம் வராது.
அதுதான் கூரை.
அதே வாயு பிற்பகலில்
கத்திப்பாரா வளைவுகளில்
புகையும் வெயிலும் பிசைந்து உண்டாகும்.
அதற்கு இருமுகிறோம்.

புதன்கிழமைகளில் பலூன்.
தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு குட்டிப் பம்பு,
இரண்டு கிண்ணி உப்புக்கரைசல்,
மேலே என் கையெழுத்தில் ஒரு தொலைபேசி எண்.
ஏற ஏற உப்பி, ஒரு வீட்டளவு ஆனதும் வெடிக்கும்.
பெட்டி கடலுக்கு. ஒன்றும் திரும்பியதில்லை.

ஐப்பசியில் ஒரு விடியலில் அழைப்பு.
காசிமேட்டிலிருந்து தேசப்பன்.
"வலையில உங்க பொட்டி மேடம். வெடிக்குமா?"
வெடிக்க வேண்டியது மேலேயே வெடிச்சாச்சு.
"ஐஸ் வைக்க நல்லாருக்கு. எடுத்துக்கட்டா?"
எடுத்துக்குங்க, உள்ளே இருக்கிறதைக் கழுவிட்டு.
பின்னால் ஏலச் சத்தம். காகம்.
"எவ்ளோ தூரம் போச்சு இது?"
முப்பத்தோரு கிலோமீட்டர், நேர் மேலே.
"அடேயப்பா.
நாங்க இன்னிக்குப் போனதே அவ்ளோ இல்ல."

கார்த்திகைப் புயலில் நாலு நாள் சூரியன் இல்லை.
பதிவேட்டில் நாலு கோடு.
முன்பின் நாட்களின் சராசரியை வைத்து
நிரப்பவா என்று மென்பொருள் கேட்டது.
வேண்டாம் என்ற பொத்தானை
இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள்
செருப்பைக் கையில் பிடித்து நடந்து வந்து
ஏணியேறி, லென்ஸ் துடைத்து, காத்திருந்தேன்.
எந்த வெட்கமும் இல்லாமல் வெயில் வந்தது,
கழுவித் துடைத்த வெயில்.
இருநூற்று ஐம்பத்தெட்டு.

கீழே ஜெரோம் எதையும் கேட்கவில்லை.
பள்ளிக்கரணையில் அவர் வீடு.
நான்தான் கேட்டேன்:
ஏறிச்சா, இறங்கிச்சா?
சொல்லாமல், எழுந்து நின்று,
பேன்ட்டில் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே
கையை வைத்துக் காட்டினார்.
பிறகு கொஞ்சம் யோசித்து
கையை இரண்டு விரற்கடை இறக்கினார்.
"இது காலையில."

மாடிக்குத் திரும்பி
ஐம்பத்தெட்டுக்குப் பக்கத்தில், ஓரத்தில்,
பென்சிலால் அதையும் குறித்துக்கொண்டேன்.