உரிமையாளர் பெயர்: ஒன்று மட்டும்

பள்ளத்தூர் பேரூராட்சிக் கணினிக்கு
வீடென்றால் உரிமையாளர் ஒருவர்.
முப்பது எழுத்துக்குள் அவர் அடங்கவேண்டும்,
முன்னெழுத்து உட்பட.

வடக்கு வீதியில் ஒரு வீடு
இந்தத் தெருவில் வாசல் திறந்து
அடுத்த தெருவில் போய் முடிகிறது.
நாற்பத்தேழு பங்கு.
பதிவில் மட்டும் இன்னும்
சித.அரு. என்ற ஒரே ஆள்;
நான் பிறக்குமுன்பே போய்ச் சேர்ந்தவர்.
வருஷா வருஷம் அவருக்கு நோட்டீஸ் ஒட்டியது நான்தான்:
"பதினைந்து நாளுக்குள் நேரில் வரத் தவறினால்..."
வந்திருந்தால்
நான் வேலையை விட்டிருப்பேன்.

கிள்ளானிலிருந்து அடைக்கப்பன் வந்தார்.
"என் பங்கை நான் கட்டிடுறேன்மா, ரசீது மட்டும் குடுங்க."
மேசைமேல் பணம்.
வாங்கத்தான் கட்டம் இல்லை.

கட்டம் கேட்டு எழுதினோம்.
கடிதம், நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு.
சென்னைக் கம்பெனி பதில் போட்டது:
கட்டம் சேர்க்கப் பதினான்கு மாதம்,
மதிப்பீடு இணைப்பில் காண்க.
செயல் அலுவலர் இணைப்பைத் திறந்தார்,
மூடினார்,
டீ சொன்னார்.

பிறகு சிவகங்கையில் ஒருநாள் பயிற்சி,
ஏசி இருந்தும் ஓடாத ஒரு மாடியறையில்.
நிரல் தெரியவேண்டாம் என்றார்கள்.
கட்டத்தைப் பிடி, இழு, வை.
அம்புக்குறி போடு: இது வந்தால் அது.
நான் பி.காம்.
ஆனால் எங்கள் அக்கா கல்யாணத்தில்
பந்தி விசாரித்தவள்.
எந்த இலைக்கு எது, எதன்பின் எது,
ரசம் வருமுன் யார் எழக்கூடாது.
அவ்வளவுதானா என்று கேட்டேன்.
கிட்டத்தட்ட, என்றார் பயிற்சிக்காரப் பையன்.

அந்தக் 'கிட்டத்தட்ட'
அடுத்த திங்கட்கிழமை தெரிந்தது.
நாற்பத்தேழு பேருக்கும்
ஆளுக்கு முழு வரி போயிருந்தது.
பினாங்கு கூப்பிட்டது. நியூஜெர்சி கூப்பிட்டது.
அடையாறு கூப்பிட்டுத் திட்டியது.
வகுத்தல் குறி ஒன்றை விட்டிருந்தேன்.
அந்தப் பிழை
டெண்டருக்குக் காத்திருக்கவில்லை;
சொன்ன டீ ஆறுவதற்குள் திருத்திவிட்டேன்.

'மேலும் ஒருவரைச் சேர்' என்றொரு பட்டன்.
அதன் கீழே, சின்னதாக,
'இறந்துவிட்டார்' என்றொரு டிக்.
சித.அரு. பெயருக்கு எதிரே
அதை அழுத்தும்போது
விரல் கொஞ்சம் நின்றது.
ஐம்பது வருட பாக்கியிலிருந்து
ஓர் ஆளை விடுவிக்கிறோமே,
நம்மைக் கேட்காமல் கடவுள் முன்பே செய்ததை.

தணிக்கைக்கு வந்தவர் கேட்டார்:
"இந்த மென்பொருளை எழுதினது யாரு?"
எழுதலை சார், இழுத்து வச்சேன்.
அதை ஒரு பத்தியாகக் குறித்துக்கொண்டார்.
"உங்களை மாத்திட்டா சாவி யார்கிட்ட?"
அது நல்ல கேள்வி.
அதற்குத்தான் இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் வெள்ளைக்கண்ணு வந்து நின்றான்.
ஆறு வார்டுக்கும் தண்ணீர் திறப்பவன்.
கையில் வால்வுச் சாவி, கால்சட்டையெல்லாம் ஈரம்.
"அந்தப் பெட்டி எனக்கும் ஒண்ணு கெடைக்குமாக்கா?"
மௌஸைத் தள்ளிக் கொடுத்தேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டு அவனே இழுத்தான்.
முதல் பட்டன்: தொறந்தாச்சு.
இரண்டாவது: அடச்சாச்சு.
எழுத்தைத் திருத்தட்டுமா என்றார் செயல் அலுவலர்.
வேண்டாம் சார், ஊருக்கு அப்படித்தான் புரியும்.
மூன்றாவதை
நான் பார்க்காத நேரத்தில் வைத்துவிட்டான்:
மோட்டர் காயில் போச்சு.

புதன்கிழமை காலை ஆறு பத்துக்கு
என் போனில் அது சிவப்பாக வந்தது,
நான்காவது வார்டில் எல்லாருக்கும் வந்ததுபோல.
ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
குழாயடியில் ஒரு குடம்கூட இல்லை.
ஒரு நாய் மட்டும்
காய்ந்த சிமெண்டில் நீட்டிப் படுத்திருந்தது.