கூரையைப் பற்றிய கடிதம்

தாஷ்கண்ட் ஆவணக் காப்பகத்தின் நிலவறையில்
பத்தொன்பது வருடமாகக் கோப்பு சுமக்கிறேன்.
மேலே சீட்டில் எண்ணை எழுதுவார்கள்.
இறங்குவேன். தும்மிக்கொண்டே ஏறுவேன்.
படிப்பது என் வேலையில் சேர்த்தியில்லை.
படிப்பேன்.

இந்தக் கோப்பை இவ்வருடம் மட்டும்
ஏழு பேர் கேட்டுவிட்டார்கள்.
கோகந்த் நகரம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
குத்ரத்துல்லா நடத்திய புதுமுறைப் பள்ளி:
முப்பத்தொரு பையன்கள், ஓர் உலக உருண்டை,
ஒலியைக் கூட்டி எழுத்தைப் பிடிக்கும் பாடம்.

முதல் தாளில் பன்னிரண்டு முல்லாக்களின் முத்திரை:
'எங்கள் பிள்ளைகள் நாற்காலியில் அமர்கிறார்கள்.
கால் தொங்குகிறது.
நாலு வருடத்தில் வாய்க்க வேண்டிய வாசிப்பை
நாற்பது நாளில் கொடுத்துவிடுகிறான்.
அவசரம் ஷைத்தானுடையது.'

அடுத்தது ஊதா மை.
ஜார் அரசின் ஒற்றன்; செருப்பு எண்ணத் தெரிந்தவன்:
'வெள்ளி இரவு வாசலில் நாற்பத்து நாலு சோடி.
இரண்டு சோடி கஸான் தையல்.
உள்ளே பேசியது காதில் விழவில்லை.
ஆகவே ஆபத்தானது.'

அப்புறம்தான் கடிதம்.
கஸானில் ஒரு காகித வியாபாரிக்கு
குத்ரத்துல்லா எழுதியது. நல்ல கையெழுத்து.
சிலேட்டு இரண்டு டஜன், கடனுக்கு.
மேற்கு மூலையில் கூரை; பனி உருகினால்
சின்னப் பிள்ளைகளின் தலையில் சொட்டுகிறது.
குளிருக்குள் இஸ்லாஹ் முடிய வேண்டும், கைகொடுங்கள்.

ஓரத்தில் மொழிபெயர்ப்பாளன்:
'குளிருக்குள் சீர்திருத்தம்.
வெளியூர் உதவி கோருகிறார்.'
கூரையை அவன் மொழிபெயர்க்கவில்லை.

இஸ்லாஹ்.
ஒழுகும் கூரைக்கும் அந்தச் சொல்தான்,
தப்பிய கணக்குக்கும்,
பேசாதிருக்கும் அண்ணன் தம்பியைச் சேர்த்துவைப்பதற்கும்.
குத்ரத்துல்லா அத்தனை அப்பாவி என்று
நான் சொல்ல வரவில்லை.
கூரையை எழுதிய கை மற்றதையும் நினைத்திருக்கும்.
எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்த ஆள்.

இருபத்தாறு வருடம் கழித்து நீலப் பென்சில்.
அரசு மாறிவிட்டது, கோப்பு மாறவில்லை.
பழைய ஒற்றனின் வரிக்கடியில் கோடிட்டு
'பூர்ஷ்வா தேசியவாதி' என்கிறது பென்சில்.
மூன்று இரவு விசாரணை:
எந்தக் கூரை? யாருக்கு மேலே?
கடைசித் தாள் ரசீது. மூக்குக்கண்ணாடி ஒன்று,
இடுப்புக் கச்சை ஒன்று.
பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில்
யாரும் இல்லை.

போன மாதம் ஸ்வீடனிலிருந்து ஓர் அம்மாள்,
பருத்திக் கையுறை, மென்மையான குரல்.
'இவர்கள் மிதவாதிகள்தானே?' என்றாள்.
தொலைக்காட்சியில் பேச வேண்டுமாம்,
ஒரே வாக்கியத்தில்.
மறுவாரம் தாடி வைத்த இளைஞன்,
நம்மூர்க்காரன், ஃபெர்கானா பக்கம்.
'மார்க்கத்தை ரஷ்யனுக்கு விற்ற கூட்டம்' என்று
படிக்குமுன்பே முடித்துவிட்டான்.
இரண்டு பேரும் அதே பக்கத்தைத்தான்
நகல் எடுத்தார்கள். மொழிபெயர்ப்பை.

மூலத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.
நாலு மடிப்பு. தபால் முத்திரை இல்லை.
இத்தனை வருடம் கட்டிக் கட்டி அவிழ்த்தும்
எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்:
கடிதம் இங்கே இருக்கிறது.
இங்கே இருப்பதால்
கஸானுக்குப் போகவே இல்லை.

அந்தக் குளிர்காலம் முப்பத்தொரு பையன்களும்
எதில் எழுதினார்கள் என்று
கோப்பில் எங்கும் இல்லை.

ஐந்து மணிக்குக் கயிற்றை முடிந்துவைக்கிறேன்.
நிலவறையிலும் மார்ச்சில் தண்ணீர் இறங்கும்.
இயக்குநருக்கு மூன்று விண்ணப்பம் கொடுத்தாயிற்று.
நேற்று நாலாவதை எழுதும்போது
பேனா ஒரு சொல்லில் நின்றது.
அதை விட்டுவிட்டு
பழுது, வாளி வேண்டும்
என்று மட்டும் எழுதினேன்.