எம்-புக்

பக்கம் பதினொன்று.
நீளம் அறுநூற்று நாற்பது மீட்டர், அகலம் மூன்றரை,
கனம் எண்பது மில்லிமீட்டர், சாம்பலும் சிவப்புமாய் பேவர் பிளாக்.
அளந்தேன், சரிபார்த்தேன்.
கையெழுத்து என்னுடையது.

நதிக்கரை நடைபாதை என்கிறது டெண்டர்.
நதி என்றால்
ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து மிஞ்சினால்
ஆண்டுக்குப் பத்து நாள் வைகை வந்து போகும் மணல்.
மற்ற நாளில் பெண்கடல்தான்
கணுக்கால் உயரத்துக்கு உள்ளே வந்து
சேற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பும்.

வரைபடத்துக்கு எவ்வளவு நீலம் வேண்டும் என்று
மதுரை கன்சல்டன்ட் பையன் கேட்டான்.
"ஆறு எதுவரைக்கும் சார்?"
கரையிலிருந்து கரைக்கு, என்றேன்.
நான்தான் சொன்னேன்.
அவன் பங்குக்கு இரண்டு கொக்கும்
சைக்கிளில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் சேர்த்தான்.

சீமைக்கருவேலைப் பிடுங்க ஆறு நாள் உறுமியது ஜேசிபி.
வேர் எவ்வளவு போகிறது என்பதற்கு
எம்-புக்கில் பத்தி கிடையாது.
ஏழாம் நாள்
மொட்டையடித்த பிள்ளைத் தலையாய்க் கிடந்தது கரை.
காண்டிராக்டர் சீனி நைனா சொன்னார்:
"பெஞ்சு நாப்பத்திரண்டு. ஒண்ணு கூடப் போட்டிருக்கேன்.
பில்லுல வேணாம்,
அது நான் உக்கார."

திறப்பு விழாவுக்கு முன்பே வந்துவிட்டாள் பாதமுத்து,
ஒரு கூடை நெத்திலியோடு.
மணலில் மூன்று நாள் காய்வது
இங்கே ஒன்றரை நாள். பல்லில் மண் கடிபடாது.
அடுத்த வாரம் பதினாறு பெண்கள்.
காரல், சூடை, சாளை.
நடப்பவருக்கு ஒற்றையடி விட்டு
மிச்சமெல்லாம் வெள்ளி.

சக்கர நாற்காலிக்கென்று
ஒன்றுக்குப் பன்னிரண்டு வாட்டத்தில் நான் போட்ட சாய்தளத்தில்
தண்ணீர் வண்டிகள் ஏறின. நாலு குடம், ஆறு குடம், காவிரி.
"மணல்ல தள்ளி இடுப்பு போச்சு, இப்பப் பாருங்க"
என்று ஜொகரா ஒற்றைக் கையால் தள்ளிக் காட்டினாள்.
மறு கையில் செல்போன்,
துபாயோடு சண்டை.

ஆணையர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.
ஆக்கிரமிப்பு. நோட்டீஸ் கொடுங்கள். மந்திரி வருகிறார்.
நோட்டீஸ் அடித்தேன்.
பெறுநர் என்ற இடத்தில் பேனா நின்றது.
கூடைக்கா, வெயிலுக்கா?
நியாயமாகப் பார்த்தால் எனக்கு.
தரையைச் சமமாய்ப் போட்டவன் நான்.

விழா நாளில் கருவாடு இல்லை.
நாலு டிரம் பினாயிலுக்கு மேலேறி வாசம் இருந்தது.
நாடா வெட்டி, ஆற்றைப் பார்த்துக் கை அசைத்தார்கள்.
மணல் பதிலுக்கு ஒன்றும் அசைக்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில், ராத்திரி இரண்டு மணிக்கு
வாட்ச்மேன் ரொசாரியோ கூப்பிட்டார்.
"சார், உங்க படம் வந்திருக்கு."
புரியாமல் பைக்கை எடுத்தேன்.

கரையிலிருந்து கரைக்கு.
நீலம் இல்லை, டீ நிறம்.
சோழவந்தான் வாழைச் சருகும்
பரமக்குடி ஜவுளிக்கடைப் பை ஒன்றும்
அவசரமில்லாமல் கடலுக்குப் போயின.
முழங்கால் தண்ணீரில் நின்று எரிந்தன விளக்குகள்,
பதினேழாம் நம்பர் மட்டும் வழக்கம்போல் அணைந்து.
ஒதுங்க வந்த வள்ளங்கள் எட்டு
கம்பங்களில் கட்டிக் கிடந்தன.
வள்ளம் இழுக்கும் பாரத்துக்கு நான் கணக்குப் போட்டதில்லை.
அஸ்திவாரம் நாலடி.
தாங்கியது.
மின்சாரத்தை நிறுத்தச் சொல்லப் போன் எடுத்தவன்
ஒரு நிமிடம் பேசாமல் நின்றேன்.
அந்த ஒரு நிமிடம் தப்புதான்.

தைக்குள் தரை காய்ந்தது.
நெத்திலி திரும்பிவிட்டது.
நோட்டீஸ் என் டிராயரில், பெயர் இல்லாமல்.
கணக்கில் வராத பெஞ்சு ஒன்று இருக்கிறதே,
யார் போட்டது என்கிறார் தணிக்கைக்காரர்.

போய்ப் பார்த்தேன். சீனி நைனா இல்லை.
பாதமுத்துவின் தராசு உட்கார்ந்திருந்தது.
டேப்பை இழுத்தேன்.
நீளம் ஒன்று புள்ளி ஐந்து.
"கிலோ இருநூத்தி நாப்பது" என்றாள் தலை தூக்காமல்,
"வாங்குறீங்களா,
சும்மா அளந்துட்டுப் போறீங்களா?"