நுரைக்கு ஒரு கட்டம்

காளவாசல் பக்கம் நாலு மாடி ஹோட்டல்.
தரைக்குக் கீழே பார்.
நான் மூன்றாம் மாடியில் கணக்கு.
பதினோரு வருஷத்தில் ஒருநாளும் கீழே இறங்கியதில்லை.
பாரின் தாள்கள்தான் லிஃப்டில் ஏறி வரும்,
மூலையில் ஈர வட்டம் பதிந்து.

பீப்பாய் மூன்று அளவில் உண்டு:
இருபது லிட்டர், முப்பது, ஐம்பது.
எங்களுக்கு வருவது ஐம்பது.
காலியாக நின்றால் பதின்மூன்று கிலோ,
நிறைந்தால் அறுபத்து மூன்றுக்கு மேலே ஒரு பிடி.
லாரியிலிருந்து உருட்டி இறக்கும் சோணைமுத்து சொல்வார்:
"என் மச்சினனை விட எடை கம்மி,
பிரயோசனம் ஜாஸ்தி."

அரை லிட்டர் மக்கில் ஊற்றினால் நூறு.
முந்நூற்று முப்பது மில்லி கிளாஸ் என்றால்
நூற்றைம்பத்தொன்று, அடியில் கொஞ்சம்.
வாய்ப்பாடு தெரிந்த எவருக்கும் வரும் கணக்கு.
முதலாளிக்கு வாய்ப்பாடு நன்றாகத் தெரியும்.

ரீகனின் சீட்டில் எண்பத்தெட்டு.
அடுத்த பீப்பாய் எண்பத்தேழு.
அதற்கடுத்ததும் எண்பத்தெட்டு.
கணக்கு உதைத்தது.
மூன்று பீப்பாயில் முப்பத்தேழு மக்,
மக் முந்நூற்றைம்பது,
அவன் சம்பளத்தில் கழித்தது என் பேனா.

கையெழுத்துப் போட்டான்.
போட்ட பிறகு, மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான்:
"மேடம், உங்க தாள்ல நுரைக்கு ஒரு கட்டம் இல்ல."

நுரைக்கா?
இரண்டு நாள் அது காதில் பொங்கிக்கொண்டே இருந்தது.

கத்திரி வெயில் ஒன்பதாம் நாள் இரவு
காய்கறி நிறுக்கும் தராசோடும் ஒரு வாளியோடும்
படி இறங்கினேன்.
புது பீப்பாய் பூட்டினான். குழாயைத் திறந்தான்.
வைகையில் தண்ணீர் விட்ட முதல் நாள்
தண்ணீருக்கு முன்னால் ஓடிவருமே,
அப்படி வெறும் நுரை.
ஒரு மக், ரெண்டு மக்.
வாளியில் கொட்டச் சொன்னேன்.

குளிர் அறையிலிருந்து அந்தக் குழாய்
தந்தூரி அடுப்பின் பின்சுவரோடு ஏழு மீட்டர் வருகிறது.
சுவரில் கை வைத்தேன்.
உடனே எடுத்தேன்.

டீக்கடையில் நுரை தூக்கலாக வேண்டும் என்கிற அதே ஆட்கள்
இங்கே வந்து, "நுரையைத் தட்டிட்டு ஊத்துப்பா,
காத்துக்கா காசு?" என்றார்கள்.
கத்தி முதுகால் வழித்தான், மேலே ஊற்றினான்,
மறுபடி பொங்கியது, மறுபடி வழித்தான்.
வழித்ததெல்லாம் வாளிக்கு.

அடுத்த இரவு ஒன்றேகாலுக்கு
குழாய் ஒருமுறை இருமி நின்றது.
தராசில் பீப்பாய்: பதின்மூன்று கிலோ நானூறு.
ஆக உள்ளே இன்னும் நானூறு மில்லி.
வாளியில் நுரை படிந்து
பழுப்பாக, செத்துப்போய், ஐந்து லிட்டர் நூறு.
சீட்டில் எண்பத்தெட்டு மக், நாற்பத்து நாலு லிட்டர்.
நாற்பத்தொன்பதரை.

அரை லிட்டர் இன்னும் உதைத்தது.
ரீகன் என்னைப் பார்க்கவில்லை,
மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

காலையில் பழைய கழிவைத் திருப்பிப்போடும் சீட்டு எழுதினேன்:
பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.
குழாயை மாற்றி இழுக்க ஒரு மதிப்பீடும்.
முதலாளி இரண்டையும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.
வைத்திருப்பார், இன்னும் கொஞ்ச நாள்.

தாளில் மட்டும் ஸ்கேல் வைத்து
புதுக் கட்டம் ஒன்று கிழித்தேன். தலைப்பு: நுரை.
கீழே ஐந்து லிட்டர் அறுநூறு.

அறுநூறில் ஐந்நூறு நுரை இல்லை.
பத்தரைக்குக் கூட்டம் வடிந்த நேரத்தில்
"எதை எண்றீங்கன்னு தெரிய வேணாமா மேடம்" என்று
அவன் நகர்த்தி வைத்த ஒரு மக்.
வேப்பங்கொழுந்துக் கசப்பு, நல்ல குளிர்ச்சி.
மேலுதட்டில் ஒட்டியதை
புறங்கையால் துடைத்தேன்.

எண்பத்தொன்பதாவதை
அவன் சீட்டில் எழுதவில்லை.